அச்சும் பொருத்தமும்

ஒன்றோடொன்று இணைவதற்கென்றே செய்யப்பெற்ற இரண்டு உறுப்புக்கள், கையிலெடுத்துச் சேர்க்குங்கால் இணையாமற் போதல் உலகில் அடிக்கடி காணும் செய்தியாகும். ஜாடியின் மூடி ஆடுகின்றது. பொம்மையின் தலை கழுத்தில் அமரவில்லை. விளையாட்டு மோட்டார் வண்டியின் மேற்கூடு அடித்தட்டின்மேற் படியாமல் ஒருபுறம் தூக்கி நிற்கின்றது. இவற்றைக் காண்போர், 'செய்தவனுக்குக் கவனம் போதாது' என்று ஒரு வார்த்தையில் தீர்ப்புச் சொல்லி விடுவர். அத்தீர்ப்புச் சிற்சில சமயங்களில் சரியேயாயினும், அச்சில் வார்த்தெடுக்கும் பொருள்களைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் அவசரத் தீர்ப்பேயாம். ஈரமாகவோ திரவமாகவோ அச்சினுட் புகுந்து திடமாக வெளிப்படும் எப்பொருளும், புகுந்த அளவிலேயே வெளிப்படுவதில்லை. அது சுருங்கும், வளையும், ஓரிடத்தில் மிகுந்தும் ஓரிடத்திற் குறைந்தும் மாறும். இம்மாற்றத்தின் காரணங்களையும், அதனை அறிந்து வேலை செய்வார் கையாளும் முறைகளையும், நம் நாட்டுப் பீங்கான் ஊராகிய விருத்தாசலத்தை முதலாகக் கொண்டு இக்கட்டுரையில் எடுத்துரைக்க முற்படுகின்றோம்.

விருத்தாசலமும் அதன் தொழிலும்

கடலூர் மாவட்டத்திலே மணிமுத்தாற்றின் கரையில் அமைந்த விருத்தாசலம், திருமுதுகுன்றம் என்னும் பழம்பெயரால் சைவப் பெருமக்கள் போற்றும் தலம். புகைவண்டியிற் செல்வோர் இதனை, விழுப்புரத்தினின்று திருச்சிராப்பள்ளி செல்லும் பாதையில் கடலூர்க்கும் சேலத்துக்கும் கிளைகள் பிரியும் சந்திப்பு நிலையமாக அறிவர். இவற்றோடு, பீங்கான் தொழிற்பேட்டையும், பீங்கான் தொழில்நுட்பம் பயிற்றும் அரசினர் கல்விச்சாலையும் உடைய ஊர் என்பது இதற்கு வாய்த்த மூன்றாவது சிறப்பாகும். அணித்தேயுள்ள நெய்வேலியிற் பழுப்பு நிலக்கரி எடுப்பதற்கென 1956-ஆம் ஆண்டில் நிறுவனம் ஏற்பட்டது. அச்சுரங்கத்தில் நிலக்கரியை மூடியுள்ள மண்ணை அகற்றுங்கால் வெண்களிமண்ணும் எதிர்ப்படுவதுண்டு. மண்ணும் எரிபொருளும் அருகருகே அமைந்த இவ்வட்டாரத்தில் சூளைத் தொழில் வேரூன்றியது வியப்பன்று.

இங்குச் செய்யப்படும் பொருள்களுள் பொம்மைகள், அகல் விளக்குகள், கோப்பைகள் ஆகியன வீட்டுக்கு வருவன; மின்சாரப் பியூஸ் கட்டைகளும் இன்சுலேட்டர்களும் சுவரிலும் கம்பத்திலும் இருந்து நமக்கு ஊழியம் செய்வன. பியூஸ் கட்டையைச் சிறிது நினைத்துப் பார்ப்போம். பலகையிற் பதிந்த அடிக்கட்டை ஒன்று. பியூஸ் கம்பியைத் தாங்கி அதனுட் செருகப்படும் கைப்பிடி ஒன்று. இரண்டும் தனித்தனியே அழுத்தி எடுக்கப்பட்டுத் தனித்தனியே சுடப்படுகின்றன. கைப்பிடி தளர்ந்திருந்தால் உள்ளேயுள்ள உலோகத் தகடுகள் நன்கு பற்றாமற் சூடேறிக் கருகும். இறுகியிருந்தால் அவசரத்திற் பிடுங்க வராது, பிடுங்கினால் உடையும். பொருத்தம் என்பது அழகு பற்றிய காரியம் மாத்திரமன்று, வீட்டின் பாதுகாப்பும் அதனைச் சார்ந்து நிற்கின்றது என்பதற்கு இது போதிய சான்றாம்.

அச்சும் களிக்குழம்பும்

உள்ளீடற்ற பொம்மைகள் வார்ப்பு முறையிற் செய்யப்படுகின்றன. முதலில் மூலவுருவம் ஒன்று வனையப்படும். அதன்மேல் பிளாஸ்டர் ஆப் பாரிஸ் என்னும் சாந்தினை ஊற்றி, இரண்டு அல்லது பல பாகங்களாகப் பிரியும் அச்சு எடுக்கப்படும். இச்சாந்து ஜிப்சத்தினின்று உண்டாவது. ஜிப்சத்தை ஏறக்குறைய 150 பாகை சென்டிகிரேடு வரை சூடேற்றினால், அதனுள் ரசாயன முறையிற் கட்டுண்ட நீரில் முக்காற்பங்கு வெளியேறிப் பொடியாகும். பின்பு நீர் சேர்த்ததும் இழந்த நீரைத் திரும்ப ஏற்று இறுகும். கலக்கும்போது சேர்த்த மிகுதி நீர் உலர்ந்துபோன இடங்கள் யாவும் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகளாக நிற்கும். இத்துளைகளே அச்சின் உயிர்நாடி.

அச்சினுள் ஊற்றும் களிக்குழம்பு, வெண்களிமண், குவார்ட்ஸ், பெல்ட்ஸ்பார் முதலியவற்றை நீருடன் அரைத்துச் செய்வது. வெறும் நீரைக்கொண்டே ஊற்றத்தக்க குழம்பு செய்ய வேண்டுமாயின் நீர் மிக அதிகமாக வேண்டும். நீர் மிகுந்தாற் சுருக்கமும் மிகும். ஆதலின் சோடியம் சிலிக்கேட்டுப் போன்ற ஓர் உப்பினைச் சேர்ப்பர். உலர்ந்த களிமண்ணில் நூற்றுக்கு அரைப்பங்கினும் குறைவாகவே சேர்த்தாலும், மண் துகள்கள் ஒன்றையொன்று பற்றாமல் விலகி, கெட்டியான பிசைவு பால்போல் ஓடத் தொடங்கும். சிறிதளவு உப்பு இத்துணைப் பெரிய மாற்றத்தைச் செய்வது ரசாயன மாணவர் சோதனைச்சாலையில் தாமே செய்து பார்க்கத்தக்க விந்தையாகும்.

குழம்பு அச்சினுள் நின்றதும், அச்சின் சுவர் நீரை உறிஞ்சும். சுவரையொட்டி ஒரு தோல் படியும். இத்தோலின் கனம் காலத்தின் வர்க்கமூலத்தை ஒட்டி வளர்வது. பத்து நிமிஷத்தில் 3 மில்லிமீட்டர் படிந்ததாயின், 6 மில்லிமீட்டர் படிவதற்கு இருபது நிமிஷம் போதாது. நாற்பது நிமிஷம் வேண்டும். ஏனெனில் படிந்த தோலே பின்வரும் நீருக்குத் தடையாக நிற்கின்றது. வேண்டிய கனம் வந்தவுடன் அச்சைக் கவிழ்த்து மிச்சக் குழம்பை வடித்துவிடுவர். பீங்கான் பொம்மையின் அடியிற் காணும் துளை இவ்வாறு வடித்த வழியே. சூளையில் உட்காற்றும் நீராவியும் வெளிப்போதற்கும் அதுவே வாயில். துளையை அடைத்துவிட்டுச் சுட்டால் பொம்மை வெடிக்கவும் கூடும்.

இதனால், பொருந்தாமைக்கு வித்து முதல் வார்ப்பிலேயே விழுந்து விடுகின்றது. காலையில் உலர்ந்திருந்த அச்சு விரைவில் உறிஞ்சும். பல முறை வார்த்து ஈரமேறிய அச்சு மெதுவாக உறிஞ்சும். ஒரே அச்சில் ஒரே நாளில் வார்த்த இரண்டு தலைகள் ஒரே கனம் உடையன அல்ல. மேலும் ஏறக்குறைய நூறு வார்ப்புக்களுக்குள் அச்சின் நுண்மை மழுங்கத் தொடங்கும். விளிம்புகள் தேய, இரண்டு பாகமும் சேரும் கோடு தடித்துவிடும். தொழிலாளர் கத்தியாலும் ஈரப் பஞ்சாலும் பொம்மையின் பக்கவாட்டில் வழித்தெடுப்பது இக்கோட்டையே.

சுருக்கத்தின் கணக்கு

அச்சைவிட்டு வெளிவந்த பொம்மை இருமுறை சுருங்கும். நிழலில் உலரும்போது, துகள்களுக்கிடையே நின்ற நீர் அகல, துகள்கள் நெருங்குகின்றன. இது முதற் சுருக்கம். சூளையில் 450 முதல் 600 பாகைக்குள் களிமண்ணின் உள்ளே கட்டுண்ட நீரும் வெளியேறும். தூய வெண்களிமண்ணில் அதன் நிறை நூற்றுக்கு ஏறக்குறைய 14 பங்கு. அப்பால் வெப்பம் ஏறி ஆயிரம் பாகையைக் கடக்கும்போது பெல்ட்ஸ்பார் உருகிக் கண்ணாடிபோலாகி இடைவெளிகளை நிரப்பி யாவற்றையும் இறுகப் பிணிக்கும். இதுவே பெரிய சுருக்கம். இடையில் 573 பாகையில் குவார்ட்ஸ் தன் அமைப்பை மாற்றிச் சட்டெனப் பருக்கும். ஆறும்போது அதே பாகையிற் சட்டெனச் சுருங்கும். அவ்விடத்தில் அவசரப்பட்டால் விரிசல் காணும். 'பதறாத காரியம் சிதறாது' என்னும் பழமொழிக்குச் சூளையைப் போன்ற உரையாசிரியர் வேறில்லை.

முழுச் சுருக்கம் மண்ணுக்கு மண் வேறுபடும். நூற்றுக்கு 12 என்று வைத்துக்கொண்டு ஒரு கணக்குப் பார்ப்போம். முடிவில் 15 சென்டிமீட்டர் உயரமுள்ள பொம்மை வேண்டும். மூலவுருவம் எவ்வளவு உயரம் இருத்தல் வேண்டும்? பதினைந்தோடு அதன் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்காகிய 1.8-ஐக் கூட்டி 16.8 என்று விடை சொல்வார் பலர். அது தவறு. சுருங்குவது பெரிய உருவம்; ஆகவே அதன் நூற்றுக்குப் பன்னிரண்டையே கழித்தல் வேண்டும். 16.8 சென்டிமீட்டர் உருவம் சுட்டபின் 14.78 ஆகிவிடும். சரியான விடை, 15-ஐ 0.88-ஆல் வகுக்க வரும் 17.05 ஆகும். இரண்டு விடைகளுக்கும் இடையே முடிவிற் காணும் வேறுபாடு இரண்டு மில்லிமீட்டருக்குச் சற்று மேல்; தனி பொம்மைக்கு இது பெரிதன்று, ஜாடியின் வாய்க்கும் மூடிக்கும் இடையே இதுவே சர்வநாசம். பருமனில் நோக்கினால் மாறுதல் இன்னும் பெரிது. நீளம், அகலம், உயரம் மூன்றும் 0.88 மடங்காவதால் பருமன் 0.68 மடங்காகும். அச்சினின்று வந்த உருவத்தில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு மறைந்துவிடுகின்றது என்பதாம்.

இவ்வளவு தூரம் எல்லாம் ஒரே சீராகச் சுருங்கினால் தொல்லையில்லை, சிறியதாயினும் பொருந்தும். துன்பம் விளைப்பது சீரின்மையே. 100 மில்லிமீட்டர் அகலமுள்ள இரண்டு உறுப்புக்களில் ஒன்று சூளையின் சூடு மிக்க இடத்தில் நின்று நூற்றுக்கு 13 சுருங்க, மற்றொன்று நூற்றுக்கு 12 சுருங்கினால், 87-ம் 88-மாக அவை வெளிவரும். ஒரு மில்லிமீட்டர் பிணக்கு ஏற்பட்டுவிட்டது. சுட்ட பீங்கானை அரத்தால் தேய்த்துச் சரிசெய்தல் எளிதன்று, உடைத்தெறிதலே வழியாகின்றது.

சூளைக்கு முன் சேர்த்தல்

இப்பிணக்குக்குப் பீங்கான் தொழிலாளர் கண்ட பரிகாரம் மிகவும் எளியது, மிகவும் ஆழ்ந்தது. சேர வேண்டிய உறுப்புக்களைச் சூளைக்கு முன்பே, இரண்டும் ஒரே ஈரப்பதத்தில் தோல்போல் பதமாயிருக்கும்போதே, அதே களிக்குழம்பைப் பசையாகத் தடவிச் சேர்த்துவிட வேண்டும். ஒன்று உலர்ந்தும் ஒன்று ஈரமாகவும் இருக்கச் சேர்த்தால் இணைப்பில் விரிசல் நிச்சயம். ஒரே ஈரத்திற் சேர்ந்தவை ஒன்றாகவே உலரும், ஒன்றாகவே சுருங்கும். மூடியுள்ள பாத்திரமாயின், ஒட்டிக்கொள்ளாதபடி விளிம்பில் உருகாத பொடியைத் தடவி, மூடியை அதன் இடத்திலே வைத்தே சுடுவர். வாய் சற்று வளைந்தால் மூடியும் உடன் வளையும். நீட்டிய கையுடைய பொம்மைக்குச் சூளையில் முட்டுக்கொடுக்க வேண்டுமாயின், அம்முட்டும் அதே பச்சை மண்ணாற் செய்யப்படும். சுட்ட கல்லை முட்டாக வைத்தால் பொம்மை சுருங்க முட்டு சுருங்காது, கை ஒடியும். உடன் சுருங்கும் துணையே துணை என்பது சூளை கற்பிக்கும் பாடம்.

ஐரோப்பாவிலும் இதே வழியே சென்றனர். ஜெர்மனி தேசத்தில் மைசென் நகரத்தில் 1710-ஆம் ஆண்டு பீங்கான் தொழிற்சாலை நிறுவப்பட்டபின், அங்குச் செய்த புகழ்பெற்ற உருவங்கள் பல தனித்தனி அச்சுக்களில் எடுத்த தலை, கை, கால், ஆடை மடிப்புக்கள் ஆகியவற்றைப் பச்சையாகவே சேர்த்து முடிக்கப்பட்டவை. இங்கிலாந்தில் இவ்வேலை செய்வோர்க்கு 'ரிப்பேரர்', அதாவது செப்பனிடுவோர், என்றே பெயர் வழங்கிற்று. உடைந்ததை ஒட்டுவோரல்லர் அவர், புதியதைச் சேர்ப்போர். எனினும் அச்சினின்று வருவது யாவும் செப்பனிட்டே தீர வேண்டியது என்னும் உண்மை அப்பெயரிலேயே பொதிந்துள்ளது. நம் சுவாமிமலைச் சிற்பிகள் மெழுகில் முழு உருவையும் முடித்துக்கொண்டு ஒரே வார்ப்பாக உலோகம் ஊற்றுவதால் இணைப்புப் பிணக்கு அவர்க்கு நேர்வதில்லை. ஆயின் ஒவ்வொரு திருவுருவத்துக்கும் ஒவ்வோர் அச்சை உடைத்தாக வேண்டும். பல பிரதி வேண்டுவோர் பொருத்தத் தொல்லையை ஏற்றே ஆக வேண்டும்.

ரெசின் மோட்டார் வண்டி

இக்காலத்துப் பொம்மைக் கடையிற் பீங்கானோடு ரெசினாற் செய்த உருவங்களும் ஒரே பலகையில் நிற்கின்றன. தொட்டாற் குளிர்ச்சியும், நகத்தாற் சுண்டினால் ஓசையும் உடையது பீங்கான்; மந்தமான ஓசையுடையது ரெசின். ரெசினிற் பலவகை உண்டு. மோட்டார் வண்டிகளின் சிற்றுருவங்களைத் தாமே கட்டி மகிழ்வோர்க்கென விற்கும் உறுப்புத் தொகுதிகளில் பெரும்பாலும் பயன்படுவது பாலியூரித்தேன் ஆகும். இவ்வகைப் பொருள்களுக்கு 1937-ஆம் ஆண்டில் ஜெர்மனியில் ஓட்டோ பேயர் என்னும் ரசாயன அறிஞர் அடிகோலினார். இரண்டு திரவங்களைக் குறித்த அளவிற் கலந்தால், அவை தாமே சூடேறிச் சில நிமிஷங்களில் இறுகிவிடும். அச்சு, சிலிக்கோன் ரப்பராற் செய்தது. வளைந்து கொடுப்பதால் நுட்பமான கதவுக் கைப்பிடியும் முன்விளக்கு வளையமும் சிதையாமல் வெளிவரும். சூளை வேண்டா, பெரிய யந்திரமும் வேண்டா. ஆதலின் பெரிய கம்பெனிகள் புறக்கணித்த பழைய வண்டிகளையும் ஓர் ஆர்வலர் தம் வீட்டின் ஓர் அறையிலிருந்தே இருபது முப்பது பிரதிகள் வார்த்து விற்க முடிகின்றது.

இச்சிறு வார்ப்புக்கள் பொருந்தாமைக்குப் பேர்போனவை. காரணங்கள் நாம் முன்னர்க் கண்டவற்றுக்கு உறவினவே. மேற்கூடும் அடித்தட்டும் வேறு வேறு அச்சில், வேறு வேறு கனத்தில் வார்க்கப்படுகின்றன. கனத்த இடம் அதிகச் சூடேறி அதிகம் சுருங்கும். ஒவ்வொரு வார்ப்பும் ரப்பர் அச்சைச் சிறிது அரிக்கும். முதற் பிரதியும் முப்பதாம் பிரதியும் ஒன்றல்ல. முன்னரே வார்த்த ஒரு பிரதியை மூலமாக வைத்து மறுபடி அச்செடுத்தால், சுருக்கத்தின்மேற் சுருக்கம் சேரும். ஒரு தலைமுறைக்கு நூற்றுக்கு அரைப்பங்கு என்று கொண்டாலும், 180 மில்லிமீட்டர் வண்டி இரண்டாந் தலைமுறையில் 178.2 ஆகிவிடும். நம் நாட்டுக்கே உரிய இடர் ஒன்றும் உண்டு: இத்திரவங்களில் ஒன்று காற்றிலுள்ள ஈரத்தோடு கூடிக் கரியமில வாயுவை வெளியிடும் இயல்பினது. கடலோர மாவட்டங்களின் ஈரக்காற்றிலும் மழைக்காலத்திலும் வார்த்தால் வார்ப்பு முழுவதும் நுண்குமிழிகள் நிறைந்துவிடும்.

பொருந்தாமையின் அளவை உணர அம்பாசிடர் காரை உதாரணமாகக் கொள்வோம். வங்காளத்தின் உத்தர்பாராவில் 1950-களின் பிற்பகுதி முதல் 2014-ஆம் ஆண்டு வரை செய்யப்பட்ட அவ்வண்டியின் நீளம் ஏறக்குறைய 4.3 மீட்டர். இருபத்து நான்கில் ஒரு பங்கு என்னும் அளவில் அது 18 சென்டிமீட்டர் ஆகும். அவ்வளவில் சிற்றுருவத்தின் ஒரு மில்லிமீட்டர், மெய்வண்டியில் 24 மில்லிமீட்டருக்குச் சமம். அதாவது ஓரங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. ஆகவே கதவோரத்தில் அரை மில்லிமீட்டர் இடைவெளி, மெய்வண்டியில் விரல் நுழையும் பிளவாகத் தோன்றும். சிறுபொருளிற் சிறுபிழையும் பெரும்பிழையே என்பதைக் கண்ணுக்குமுன் கணக்கே சொல்லிவிடுகின்றது.

பொருத்தும் முறை

பீங்கான் தொழிலாளி, நேரப்போவதை முன்னறிந்து அச்சிலேயே திருத்துகின்றார். ரெசின் வண்டியைக் கட்டுவோர்க்கோ வார்ப்பு முடிந்தபின்னரே பொருள் கைக்கு வருகின்றது. ஆயினும் ஓர் ஆறுதல் உண்டு. பீங்கானைப் போலன்றி ரெசினைச் சீவலாம், தேய்க்கலாம், வெந்நீரில் வளைக்கலாம். அதனைச் செய்யும் ஒழுங்கு வருமாறு.

முதலாவது, உறுப்புக்களை எண்ணிச் சரிபார்த்து, வெதுவெதுப்பான சவுக்கார நீரிற் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவ வேண்டும். அச்சினின்று எளிதில் பிரிவதற்காகத் தடவிய வழுவழுப்பு எண்ணெய் மேலே ஒட்டியிருக்கும். அது நீங்காவிடில் பசையும் பற்றாது, வர்ணமும் நில்லாது.

இரண்டாவது, அளத்தல். 'ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு' என்பது நம் முன்னோர் மொழி. ஆற்றிற் போட்ட கதை விருத்தாசலத்துக்கே உரியது. சுந்தரமூர்த்தி நாயனார் இங்குப் பெற்ற பன்னீராயிரம் பொன்னை மணிமுத்தாற்றிலிட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்தார் என்றும், இடுமுன் ஒத்துப்பார்ப்பதற்காக ஒரு சிறு துண்டை மச்சமாகத் தம்மிடம் வைத்துக்கொண்டார் என்றும் சைவ மரபு கூறும். தெய்வத்தின் பொன்னுக்கும் மச்சம் வேண்டியிருந்ததாயின், நம் வேலைக்குச் சொல்ல வேண்டியதில்லை. மெய்வண்டியின் நீளம், அகலம், முன்பின் சக்கர அச்சுக்களின் இடைத்தூரம் ஆகிய மூன்றையும் இருபத்து நான்கால் வகுத்து ஒரு தாளிற் குறித்துக்கொள்க. வெர்னியர் அளவியால் மேற்கூட்டையும் அடித்தட்டையும் அளந்து அத்தாளோடு ஒப்பிட்டால், குற்றம் எவ்வுறுப்பில் உள்ளது என்பது ஊகமின்றி விளங்கும்.

மூன்றாவது, ஓர் உறுப்பைத் தலைமையாகக் கொள்ளுதல். இரண்டையும் மாறிமாறிச் சீவுவோர் இரண்டையும் இழப்பர். கண்ணுக்குத் தெரிவது மேற்கூடு, மறைந்திருப்பது அடித்தட்டு. ஆதலின் மேற்கூட்டின் கோணல்களை நீக்கியபின் அதனை மாற்றாமல், அடித்தட்டையே அதற்கு இசைவிக்க வேண்டும். கோணலான கண்ணாடித் தூணையும் வளைந்த அடித்தட்டையும், கை பொறுக்காத சூடுள்ள நீரில் இடுக்கியாற் பிடித்துச் சில விநாடிகள் வைத்தால் இளகும். சமமான பலகையின்மேல் நேராக அமர்த்திக் குளிர்ந்த நீர் ஊற்றினால் அப்படியே நிற்கும். வெயிலில் மூடி நிறுத்திய காரினுள் இச்சிற்றுருவங்களை வைத்தலாகாது என்பதும் இதனால் பெறப்படும்.

நான்காவது, பசையின்றி ஒத்துப்பார்த்தல். அடித்தட்டின் விளிம்பிற் சிறிது சிவப்பு மையைத் தடவிக் கூட்டினுள் அமர்த்தி எடுத்தால், எங்கே இடிக்கின்றதோ அங்கே மை ஒட்டும். அவ்விடத்தை மாத்திரம் அரத்தாற் சிறிது தேய்த்து, மறுபடி மை தடவி, மறுபடி ஒத்துப்பார்க்க வேண்டும். இருபது முறையானாலும் சலிப்பின்றிச் செய்க. எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது என்பதை அரம் பிடிக்கும் கை மறவாதிருக்க வேண்டும்.

ஐந்தாவது, இடைவெளியை நிரப்புதல். மோட்டார்ப் பட்டறையிற் பட்டி பார்ப்பதுபோல இங்கும் பட்டி உண்டு. எனினும் அகன்ற பிளவைப் பட்டியால் மாத்திரம் அடைத்தால் அது பின்னர்ச் சுருங்கிக் குழிவிழும். பிளவின் அளவுக்கு மெல்லிய பிளாஸ்டிக் தகட்டைச் சீவிச் செருகி ஒட்டியபின், எஞ்சிய சிறு குறைக்கே பட்டியிட வேண்டும். சாதாரணப் பிளாஸ்டிக் பொம்மைகளை ஒட்டும் கரைப்பான் பசை ரெசினைக் கரைப்பதில்லை, ஆதலால் ஒட்டுவதில்லை. கடைகளில் ஃபெவிக்விக் என்னும் பெயரால் அறியப்படும் பசையோ, அரால்டைட்டுப் போன்ற இருகுழம்புப் பசையோ வேண்டும். சுமை தாங்கும் இணைப்பில் சிறு துளையிட்டுப் பித்தளைக் கம்பியை ஆணியாக இடுதல் நன்று.

ஆறாவது, நான்கு சக்கரமும் நிலத்திற் படிதல். ஒரு கண்ணாடித் தகட்டின்மேல் வண்டியை நிறுத்தினால், தூக்கும் சக்கரத்தின்கீழ் வெளிச்சம் தெரியும். அச்சுக்கம்பி செல்லும் துளையைச் சிறிது அகலமாக்கி, அதனுட் பித்தளைக் குழாயை இட்டு, நான்கும் கண்ணாடியைத் தொட நிற்கும் நிலையிலேயே பசை இறுகவிட வேண்டும்.

ஏழாவது, வர்ணம். பிரைமர் என்னும் சாம்பல்நிற அடிப்பூச்சைப் பூசியவுடன், அதுவரை கண்ணுக்கு மறைந்திருந்த கீறலும் குமிழித் துளையும் ஒருங்கே வெளிப்படும். மனமுடையாமல் நிரப்பி, நனைத்த உப்புத்தாளால் தேய்த்து, மறுபடி பூசுக. வர்ணத்துக்கும் கனம் உண்டு என்பதை மறத்தலாகாது. இருபுறமும் பூசிய அடுக்குக்கள் சேர்ந்து பத்திலொரு மில்லிமீட்டர் ஆனாலும், முன்னர்ச் சரியாய் அமர்ந்த அடித்தட்டு இப்போது இறுகும். அதற்கென ஒரு மயிரிழை இடம் விட்டே பொருத்த வேண்டும். பொருத்தி, பிரித்து, பூசி, மீண்டும் பொருத்துவதே முறை. கண்ணாடிகளைக் கடைசியில் அமைப்பதே நலம்.

தூசியைப் பற்றி ஓர் எச்சரிக்கை

மேற்கூறிய இருவகைத் தொழிலுக்கும் பொதுவான பகை ஒன்றுண்டு. உலர்ந்த பீங்கான் மண்ணைத் துடைக்கும்போதும் தேய்க்கும்போதும் எழும் தூசியில் குவார்ட்ஸின் நுண்துகள் கலந்திருக்கும். ஆண்டுக்கணக்கில் அதனைச் சுவாசிப்போர்க்குச் சிலிக்கோசிஸ் என்னும் நுரையீரல் நோய் வரும்; வந்தபின் முழுதும் தீர்க்கும் மருந்தில்லை. ரெசின் தூசியும் சுவாசப்பையை உறுத்துவதே. இறுகாத அதன் திரவமோ சிலருக்கு ஆஸ்துமாவை உண்டாக்கும். ஆதலின் ஈரமாகவே தேய்த்தலும், முகமூடி அணிதலும், காற்றோட்டமான இடத்திலிருந்து வேலை செய்தலும், தரையைத் துடைப்பத்தாற் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்தலும் கட்டாயம் வேண்டுவன. விளையாட்டாக ஒரு வண்டி கட்டும் மாணவர்க்கு இது ஒரு வார வேலை. பீங்கான் தொழிலாளிக்கோ வாழ்நாள் வேலை. சில ரூபாய்க்கு ஒரு பொம்மையைப் பேரம் பேசி வாங்கும்போது, அதன் பக்கவாட்டுக் கோட்டை வழித்தெடுத்த மூச்சை நினைத்தல் நமக்குத் தகும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் இரண்டு உண்மைகள் புலனாகும். முதலாவது, பொருந்தாமைக்குக் காரணம் பெரும்பாலும் அளந்து சொல்லத்தக்கது; நீரின் அளவு, சுவரின் கனம், சூளையின் வெப்பம், அச்சின் வயது, காற்றின் ஈரம் என்று ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டலாம். பழித்துவிட்டுத் தூக்கியெறிவோர்க்குப் பொருளும் போயிற்று, பாடமும் போயிற்று. இரண்டாவது, திருத்துவதற்குக் காலம் உண்டு. பீங்கானில் அக்காலம் சூளைக்கு முன்னதாகவே முடிந்துவிடும். ரெசினில் வர்ணம் பூசுமளவும் நீடிக்கும். எரேமியா தீர்க்கதரிசி குயவன் வீட்டுக்குச் சென்று கண்ட காட்சியைச் சத்தியவேதம் பயின்றோர் அறிவர்: கையிற் கெட்டுப்போன மண்ணைக் குயவன் எறிந்துவிடாமல் வேறொரு கலமாக வனைந்தான். அம்மண் அப்பொழுது பச்சையாயிருந்தது என்பது நாம் கருதத்தக்கது.

கல்லூரியில் நாம் வாழும் சில ஆண்டுகளும் அத்தகைய பச்சைப் பருவமே. பல ஊரினின்றும் பல வீட்டினின்றும் வந்த நாம், ஒரே விடுதியில் ஒரே ஈரத்தில் இருக்கும்போது ஒருவரோடொருவர் இணையப் பழகிக்கொண்டால், பின்னர் உலகம் என்னும் சூளை நம்மைச் சுருக்கும்போது ஒன்றாகவே சுருங்கி ஒன்றாகவே உறுதி பெறுவோம். விடுமுறைக் காலத்தில் விருத்தாசலம் வழியே செல்லும் நண்பர்கள், தொழிற்பேட்டையில் அனுமதி பெற்று ஒரு வார்ப்புக் கூடத்தையும் ஒரு சூளையையும் பார்த்து வருவாராக. பௌதிகமும் ரசாயனமும் கணிதமும் ஒரே மேசையின்மேல், ஒரு சிறு பொம்மையின் வடிவில், சேர்ந்து நிற்பதை அங்கே காணலாம்.